மண்ணில் கிடைத்த பித்தளைப் பறவை
பழைய உலோகப் பொருள்களை இனங்காண்பது எப்படி?

தோட்டத்தில் வாழும் ஓர் இளைஞர், பழைய நாணயங்களையும் தபால்தலைகளையும் சேர்ப்பதில் ஆர்வமுள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். ஆள் குடியிருப்பு இல்லாமற்போன பழைய லயத்தின் பின்புறத்தில் வாழைக்கன்று நடுவதற்காக அவர் குழி தோண்டுகிறார். மண்வெட்டியில் ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது. எடுத்துப் பார்த்தால் பச்சை நிறக் களிம்பு ஏறிய ஓர் உலோகப் பறவை. உயரம் ஏறக்குறைய அரைச் சாண். வளைந்த கழுத்து, மேல்நோக்கி எழுந்த வால், கால்களின் கீழே வட்டமான ஒரு சிறு தட்டு, அந்தத் தட்டின் அடியில் மரை வெட்டிய ஒரு முளை.

அக்கம்பக்கத்தாரிடம் காட்டினால் ஆளுக்கொரு கருத்துச் சொல்வர். ஒருவர் அதைத் தங்கம் என்பார். மற்றொருவர் கோயிற் சிலையின் உடைந்த பகுதி என்பார். இன்னொருவர் பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டால் சில வெள்ளி கிடைக்கும் என்று யோசனை கூறுவார். இவற்றுள் எது சரி? அந்தப் பறவை உண்மையில் என்ன? அதை அறிந்துகொள்ளும் வழி எது? இக்கட்டுரை இவற்றை விளக்குகிறது. ஒரு பறவையை இனங்காணும் முறை தெரிந்துவிட்டால், நம் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் எந்தப் பழைய உலோகப் பொருளையும் அதே முறையில் ஆராயலாம்.

முதலில் செய்யக்கூடாதவை

கையில் கிடைத்தவுடன் தேய்த்துப் பளபளப்பாக்கத் தோன்றுவது இயல்பு. புளியும் சாம்பலும் நம் அடுப்பங்கரையில் எப்போதும் உண்டு. நாள்தோறும் புழங்கும் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த பொருளை, அது இன்னதென்று தெரியுமுன் தேய்த்தல் கூடாது. அதன் வரலாற்றைக் கூறும் அடையாளங்கள் அந்த அழுக்கிலேயே ஒளிந்திருக்கின்றன. இடுக்குகளில் ஒட்டிய குங்குமம், அடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, தீயினால் ஏற்பட்ட கரி, மெல்லிய எழுத்துக் கீறல் ஆகிய யாவும் ஒரே தேய்ப்பில் மறைந்துவிடும்.

பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தில் ஊறவைத்தால் களிம்பு நீங்கிவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. இது மிகவும் தவறு. அமிலம் களிம்போடு நில்லாமல் உலோகத்தையும் அரிக்கும். அதன் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் தீங்கு செய்யும். தோட்ட வேலைக்குரிய அமிலத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதே ஆபத்து.

செய்ய வேண்டியது எளிது. மென்மையான தூரிகையால் தளர்ந்த மண்ணை மட்டும் அகற்றுக. மிகவும் தேவையானால் மழைநீரில் ஒருமுறை அலசி, நிழலில் நன்றாக உலர்த்துக. பிறகு ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி வைக்குக: எந்த இடத்தில் கிடைத்தது, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, அதனோடு வேறு என்னென்ன கிடைத்தன. உடைந்த பீங்கான் துண்டோ, ஒரு சென் நாணயமோ கூடக் கிடந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். காலத்தைக் கணிக்க அத்தகைய துணைப்பொருள்களே பெரிதும் உதவுகின்றன.

எந்த உலோகம்?

இனங்காண்பதில் முதற்படி உலோகத்தை அறிதலாகும். முதலில் ஒரு காந்தத்தை அருகே கொண்டு செல்க. ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது இரும்பு. மேலே பித்தளை முலாம் பூசப்பட்டிருக்கலாம். ஒட்டாவிட்டால் செம்பு, பித்தளை, வெண்கலம், வெள்ளீயம், காரீயம், அலுமினியம் முதலியவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும்.

அடுத்தது நிறம். செம்பு சிவந்தது. செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. அது மஞ்சள் நிறமுடையது. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். அது பழுப்புக் கலந்த மஞ்சளாக இருக்கும், வெள்ளீயம் மிகுந்தால் வெளிறித் தோன்றும். களிம்பு ஏறிய பொருளில் நிறத்தைக் காண, முளையின் மரையில் தேய்ந்துள்ள இடத்தைப் பார்த்தாலே போதும். புதிதாகச் சுரண்ட வேண்டியதில்லை. பச்சைக் களிம்பு காணப்படுவதே அதில் செம்பு கலந்துள்ளது என்பதற்குச் சான்று. தூய தங்கத்தில் களிம்பு பிடிப்பதில்லை. எனவே நம் இளைஞரின் பறவை தங்கமன்று என்பது இப்போதே தெளிவாகிறது.

மூன்றாவது சோதனை அடர்த்தி. இது நம் தொழிலாளர்களுக்குப் புதிதன்று. பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து, பாலில் உள்ள இரப்பரின் அளவைக் கணிப்பதை நாம் அறிவோம். இரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே இரப்பர் மிகுந்த பாலில் கருவி மேலும் ஆழமாக இறங்குகிறது. ஒரு பொருள் தன் பருமனுக்கு எவ்வளவு கனக்கிறது என்பதைக் கொண்டு அதன் தன்மையை அறிவதே இதன் அடிப்படை. உலோகத்தையும் அவ்வாறே அறியலாம்.

பொருளை முதலில் தராசில் நிறுத்துக் கொள்க. பிறகு ஒரு பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, பொருளை நூலில் கட்டி மெதுவாக உள்ளே இறக்குக. வழிந்த தண்ணீரை ஏந்தி அளவுக் குவளையில் அளக்குக. பறவையின் எடை 425 கிராம், வழிந்த தண்ணீர் 50 மில்லிலிட்டர் என்று கொள்வோம். 425-ஐ 50-ஆல் வகுத்தால் 8.5 வரும். பித்தளையின் அடர்த்தி 8.4 முதல் 8.7 வரையாகும். செம்பு ஏறக்குறைய 8.9, இரும்பு 7.8, வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3; அலுமினியம் 2.7. ஆகவே நம் பறவை பித்தளையாகவோ வெண்கலமாகவோ இருத்தல் வேண்டும். இவ்விரண்டின் அடர்த்தியும் நெருங்கியிருப்பதால், நிறத்தைக் கொண்டும் ஓசையைக் கொண்டும் முடிவு செய்ய வேண்டும். நூலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் வெண்கலம் நெடுநேரம் கணீரென ஒலிக்கும். பித்தளையின் ஒலி விரைவில் அடங்கிவிடும். எனினும் சிறிய, கனத்த பொருளில் ஓசை தெளிவாக எழாது. அப்போது நிறமே வழிகாட்டி. பொருளின் உள்ளே குழிவோ களிமண் அடைப்போ இருந்தால் அடர்த்திக் கணக்கும் தவறக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

எவ்வாறு செய்யப்பட்டது?

உலோகம் தெரிந்தபின் வேலைப்பாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நன்று.

மணல் அச்சில் வார்த்த பொருளில், இரு பாதி அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். கைவினைஞர் அதை அரத்தால் அராவியிருப்பார். ஆனால் அடிப்புறத்தில் அரத்தின் கீறல்கள் எஞ்சியிருக்கும். மெழுகு வார்ப்பு முறையில் இந்த இணைப்புக் கோடு இராது. முதலில் மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது இம்முறை. தமிழகத்து வெண்கலச் சிலைகளும், இந்நாட்டில் திரங்கானு மாநிலத்தின் பித்தளைப் பாத்திரங்களும் இவ்வகை வார்ப்புக்குப் பெயர்பெற்றவை. கடைசல் பிடித்த பொருளில் வட்ட வட்டமான மெல்லிய வரிகள் தென்படும். தகடு தட்டிச் செய்த பொருளில் சுத்தியலின் சிறு பள்ளங்களும் பற்றவைத்த தையலும் காணப்படும். இயந்திரத்தால் அழுத்திச் செய்த அண்மைக்காலப் பொருள் மெல்லியதாகவும், இரு பக்கமும் ஒரே சீராகவும் இருக்கும்.

மரையும் ஒரு சாட்சியே. கையால் வெட்டிய மரையின் சுற்றுகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். இயந்திரம் வெட்டியது பிசகின்றி ஒரே அளவாக இருக்கும்.

பழமையைப் போலியாக உண்டாக்குவோரும் உண்டு. புதுப்பித்தளையில் இரசாயனம் பூசிக் கறுப்பாக்கி, நூறாண்டுப் பொருள் என்று விற்பர். இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. உண்மையான தேய்மானம் கை படும் இடத்திலும் உரசும் விளிம்பிலும் மட்டுமே இருக்கும். இடுக்குகள் கூர்மை கெடாமல் இருக்கும். போலியில் எங்கும் ஒரே சீராகக் கருமை படிந்திருக்கும். கை படாத இடமும் தேய்ந்ததுபோல் தோன்றும்.

எதற்குப் பயன்பட்டது?

இப்போது நம் பறவைக்கு வருவோம். பறவை உருவம் வீட்டுப் பித்தளைப் பொருள்கள் பலவற்றில் இடம்பெறுவதுண்டு. மூடியின் குமிழாக இருக்கலாம்; தொங்குவிளக்கின் உறுப்பாக இருக்கலாம்; குத்துவிளக்கின் உச்சியாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் எடுத்து, பொருந்தாததை நீக்கிக்கொண்டே வர வேண்டும்.

மூடியின் குமிழ் என்றால் அதைக் கையால் பிடித்துத் தூக்கியிருப்பர். கழுத்தும் முதுகும் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். நம் பறவையில் அத்தகைய தேய்மானம் இல்லையெனில் அதனை விலக்கலாம்.

தொங்குவிளக்குகளுள் தூண்டாமணி விளக்கு என்பது நம் முன்னோரின் நுட்ப அறிவுக்கு எடுத்துக்காட்டு. அதில் பறவையின் வயிறே எண்ணெய்க் கலம். எண்ணெய் ஊற்றி வாயை அடைத்துவிட்டால், கீழேயுள்ள சிறு துளை வழியாக எண்ணெய் அகலில் இறங்கும். அகலில் எண்ணெய் உயர்ந்து துளையை மூடியதும் உள்ளே காற்றுப் புக வழியின்றி எண்ணெய் நின்றுவிடும். திரி எரிந்து எண்ணெய் குறைந்ததும் துளை திறக்கும். மீண்டும் எண்ணெய் இறங்கும். அத்தகைய பறவையானால் வயிறு குழிவாகவும், கீழே துளையோடும், சங்கிலி மாட்டும் வளையத்தோடும் இருக்க வேண்டும். நம் பறவை கனமானது, துளை இல்லை, வளையமும் இல்லை. ஆகவே இதுவும் அன்று.

எஞ்சுவது குத்துவிளக்கு. பீடம், தண்டு, எண்ணெய் ஊற்றும் அகல், உச்சி ஆகிய பகுதிகளைத் தனித்தனியே செய்து மரையால் பொருத்துவது குத்துவிளக்கின் அமைப்பு. உச்சியில் அமரும் உருவத்தின் அடியில் மரையோடு கூடிய முளை இருக்கும். அது அகலின் நடுவே இறங்கித் தண்டோடு பொருந்தும். கால்களின் கீழுள்ள தட்டின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்திருப்பதும், இறகுகளின் இடுக்கில் சிவப்பு நிறக் குங்குமத் துகள் இருப்பதும் இம்முடிவை உறுதிப்படுத்தும். தேய்க்காமல் வைத்ததன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

பறவை எது என்பதையும் அறியலாம். வளைந்த நீண்ட கழுத்தும் அலகில் தளிரும் இருந்தால் அன்னம். தலையில் கொண்டையும் நீண்ட தோகையும் இருந்தால் மயில். பிளவுபட்ட பூவும் தாடையின் கீழ்த் தொங்கும் சதையும் இருந்தால் சேவல். தமிழகத்தில் கும்பகோணத்திற்கு அருகிலுள்ள நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வார்ப்புக்குப் புகழ்பெற்ற ஊர். காவிரிப் படுகையின் வண்டல் மண் அச்சுக்கு ஏற்றதாக இருப்பதால் அங்கு இத்தொழில் வளர்ந்தது. அவ்வூர் விளக்கு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. உச்சியில் அன்னம் அமர்ந்த விளக்குகள் அங்கு மிகுதியாகச் செய்யப்படுகின்றன. மலையாள மக்களின் நிலவிளக்கிலோ பெரும்பாலும் பறவை இராது. கூம்பு வடிவான உச்சியே இருக்கும். ஆகவே உச்சியைப் பார்த்தே அவ்விளக்கு எவர் வீட்டு வழக்கத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு ஊகிக்க இயலும்.

எழுத்துகள் பேசும்

இறுதியாக, தட்டின் அடிப்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயரையோ தலைப்பெழுத்தையோ உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி வைப்பது நம் மக்களின் வழக்கம். அவ்வெழுத்துகள் காலத்தையும் காட்டக்கூடும். ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகள் பழைய கொம்பு வடிவில் இருந்தால், தமிழகத்தில் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் பழகிய கையால் அவை எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் பழைய வடிவைக் கற்றவர்கள் அதற்குப் பின்னும் அவ்வாறே எழுதினர் என்பதால் இதை மட்டுமே கொண்டு முடிவு செய்தல் ஆகாது. தமிழ் எண்களோ தமிழ் ஆண்டின் பெயரோ இருந்தால் அவற்றையும் அப்படியே படியெடுத்துக்கொள்க. தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். எனவே மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் பார்த்தே எந்தச் சுற்று என்று கூற இயலும்.

சில எழுத்துகள் எவ்வளவு பெரிய உண்மையை வெளிப்படுத்தும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியூசிலாந்தில் 1836-ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார், மாவோரிப் பெண்கள் ஒரு பழைய வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது உண்மையில் விளிம்பு உடைந்த ஒரு மணி. அதைச் சுற்றி எழுத்துகள் இருந்தன. அவை தமிழ் எழுத்துகள் என்றும், முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்பது அதன் பொருள் என்றும் பின்னர் அறியப்பட்டது. இன்று அது வெலிங்டன் நகரின் தேசிய அரும்பொருளகத்தில் தமிழ் மணி என்னும் பெயரோடு இருக்கிறது. எழுத்தைத் தேய்த்து அழித்திருந்தாலோ, எடைக்கு விற்று உருக்கியிருந்தாலோ, அந்தச் செய்தி உலகுக்குக் கிடைத்திராது.

நம் நாட்டிலும் மண்ணும் சுரங்கமும் பல பொருள்களைத் தந்துள்ளன. பேராக் மாநிலத்தின் பீடோரில் 1936-ஆம் ஆண்டு ஈயச் சுரங்கத்திலிருந்து எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. சிலாங்கூரில் கம்போங் சுங்கை லாங் என்னுமிடத்தில் 1964-ஆம் ஆண்டு இரண்டு பழைய வெண்கலப் பேரிகைகள் கிடைத்தன. இவை யாவும் ஆராய்ச்சியாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததாலேயே நாம் அவற்றை அறிகிறோம்.

சட்டம் கூறுவது

மண்ணில் கிடைத்ததெல்லாம் கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்ற எண்ணம் தவறானது. மலேசியாவில் 1957-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் 1976-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் நீக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாக 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. மரபுச் சிறப்புடையது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர், மரபுடைமை ஆணையருக்கோ, அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ, அம்மாவட்ட அதிகாரிக்கோ உடனே அறிவித்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. கோயிற் சிலை, பழங்கால நாணயக் குவியல், கல்வெட்டு, வெண்கலப் பேரிகை போன்றவை கிடைத்தால் மேற்கொண்டு தோண்டாமல், இடத்தைக் கலைக்காமல், தோட்ட நிருவாகத்திடமும் மாவட்ட அலுவலகத்திடமும் தெரிவிப்பதே முறை. ஐயம் இருந்தாலும் கேட்டுத் தெளிவதில் இழப்பொன்றுமில்லை.

யாருடைய விளக்கு?

நம் இளைஞரின் பறவை குத்துவிளக்கின் அன்னம் என்பது தெளிவாயிற்று. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அது ஏன் மண்ணுக்குள் இருந்தது?

தொழிலாளர்களை இங்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-ஆம் ஆண்டு நிறுத்தியது. அதற்கு முன் கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த உடைமைகள் சிலவே. அச்சிலவற்றுள் விளக்கும் ஒன்றாக இருந்திருக்கலாம். அல்லது இங்கு வந்தபின் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகளின் திருமணத்திற்காக வாங்கியதாகவும் இருக்கலாம். ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் தோட்ட மக்கள் பட்ட துன்பம் கொடிது. சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குப் பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பி வரவில்லை. அக்காலத்தில் உடைமைகளை மண்ணில் புதைத்து வைத்தவர்களும் உண்டு. புதைத்தவர் மீண்டு வந்து தோண்டியிராவிட்டால், அப்பொருள் இன்றும் அங்கேயே கிடக்கும். வெறுமனே உடைந்து குப்பையில் எறியப்பட்டதாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்லத்தக்கவர்கள் அந்த லயத்தில் வாழ்ந்த முதியவர்களே.

ஆகவே தட்டின் அடியில் எழுத்துகள் இருந்தால், அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு தோட்டத்துப் பாட்டிமார்களிடமும் தாத்தாமார்களிடமும் சென்று கேட்க வேண்டும். பழைய கிராணிமார்களும் கோயிற் பொறுப்பாளர்களும் கூட உதவக்கூடும். உரிய குடும்பம் கண்டறியப்பட்டால் பொருளை அவர்களிடம் சேர்ப்பதே அறம். இக்காலத்தில் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயரும்போது, இடமில்லை என்று கூறி எடைக்குப் போடப்படுபவை பெரும்பாலும் பித்தளைச் சாமான்களே. உருக்கியபின் பாட்டியின் பெயரை எவரும் மீட்டுத் தர இயலாது.

எனவே அன்பர்கள் இன்று ஒரு காரியம் செய்யலாம். வீட்டுப் பரண்மேல் கிடக்கும் விளக்கு, செம்பு, குத்துப்போணி, வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி ஆகியவற்றை இறக்கி, அடிப்புறத்தைப் பாருங்கள். பெயர் இருந்தால் வீட்டில் மூத்தவர் யாரேனும் அருகில் இருக்கும்போதே அது யார் பெயர் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, அப்பொருளின் உள்ளேயே வைத்து விடுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும் காலம் நெடிதன்று. நம் இளைஞரின் பறவைக்கு அப்படியொரு தாள் இல்லாததாலேயே இத்தனை சோதனைகளும் வேண்டியிருந்தன.